பச்சரிசிப் பத்தியம்

என் மூத்த மகன் மூன்றாம் மாதத்தில் போய்விட்டான். இளையவனுக்கும் மூன்றாம் மாதம் தொடங்கியபோது எனக்குப் பயத்தில் தூக்கமே இல்லை. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். எங்கள் ஊர் காஜா பெராங் முழுக்கக் கொடி கட்டியிருந்தார்கள். எனக்கு அதை நிமிர்ந்து பார்க்கவும் மனமில்லை.

முதல் பேற்றில் நான் பத்தியம் ஒழுங்காக இருக்கவில்லை, அதனால் பால் கெட்டுத்தான் பிள்ளை போனான் என்று மாமியார் முடிவு கட்டியிருந்தார். அப்போதும் அவர் பச்சரிசிதான் பொங்கிப் போட்டார்; இந்த முறை பிடி இன்னும் இறுகியது. நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் புழுங்கலரிசி வாயுவாம். நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டிவிட்டுச் சோறு போடுவார். மேலே பூண்டு, மிளகு, சுட்ட கருவாடு ஒரு துண்டு. பருப்பு, கீரை எதையும் கண்ணில் காட்டமாட்டார். பாசத்தில்தான் செய்தார், அதனாலேயே எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது. கால் மரத்துப்போகிறது என்றால், "பச்ச ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்," என்பார்.

ஒரு காலை பிள்ளை வாயைத் திறந்து அழுதான், சத்தம் வரவில்லை. மூத்தவனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. உதடு நீலம் பாரித்து, நெஞ்சு படபடவென்று அடித்தது. மாமியார் திருநீறு எடுக்கப் போனார்.

"இவனையும் சாகக் குடுக்க மாட்டேன், வழிய விடுங்க அத்தை!" என்று கத்திவிட்டு ரிக்‌ஷாவில் ஏறினேன். அவரும் ஓடிவந்து ஏறிக்கொண்டார். மூச்சு இருக்கிறதா என்று பிள்ளையின் மூக்கில் விரல் வைத்தபடியே போனேன்.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் பிள்ளையின் நெஞ்சைச் சோதித்துவிட்டு, "நீங்கள் என்ன சாப்பிடுறீங்கள்?" என்று என்னைக் கேட்டார். பிள்ளை சாகக் கிடக்கும்போது இதுவா கேள்வி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியார்தான் பெருமையாகப் பத்தியத்தை விவரித்தார். அவர் முடிப்பதற்குள் டாக்டர் ஊசி போட்டுவிட்டார்.

"இதயத் தசைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத அடுப்புகள் இருக்கு அம்மா. அதுகள் எரிஞ்சாத்தான் இதயம் அடிக்கும். எரியிறதுக்கு ஒரு வைட்டமின் வேணும். அரிசியைத் தீட்டேக்க அது தவிட்டோட போயிட்டுது. மிச்சத்தை நீங்கள் கழுவி ஊத்திப்போட்டீங்கள். தாய்ப்பால்ல இல்லாதது பிள்ளைக்கு எப்படி வரும்?"

அந்த அடுப்புகளுக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் பிள்ளை வீறிட்டு அழுதான். வார்டே திரும்பிப் பார்த்தது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

மாமியார் டாக்டரின் பின்னாலேயே போனார். "இவனுக்கு மூத்தவனும் இப்படித்தான் சத்தமில்லாம போனான். அவனுக்கும் இந்த ஊசி போட்டிருந்தா?"

"பிழைச்சிருப்பான்," என்றார் டாக்டர்.

மாமியார் திரும்பி வந்து என் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் பிள்ளையைத் தொடவில்லை.

"நாந்தானடி பொங்கிப் போட்டேன்," என்றார்.