கப்பல் ஏறித் தலவாக்கலைக்கு

என் ஊரையே எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பக்கத்து நுவரெலியாவில் வசந்தகாலச் சுற்றுலாக் கூட்டம் சேருமுன், மார்ச்சில் எங்களைக் கப்பல் பயணம் அனுப்புவதாக துபாயில் இருக்கும் மகன் சொன்னான். மூன்று பயணங்களின் படங்களையும் அனுப்பினான். முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த என் மனைவி கேட்டது ஒன்றுதான்.

"நான் பாக்காத எடமா இருக்கணுங்க."

பனி மூடிய பச்சை மலையைத் தேர்ந்தெடுத்தேன். படத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயமும் இல்லை, காலைக் கடிக்கும் அட்டையும் இல்லை. வெளிநாடுதான் என்று நினைத்துவிட்டேன்.

மகன் போனில் சிரித்தான். "அப்பா, அந்தக் கப்பல் கொழும்புக்குத்தான் வருது. அங்கருந்து பஸ்ல நம்ம தலவாக்கலைக்குக் கூட்டிட்டுப் போவாங்க."

தினமும் அவள் ஏறி இறங்கிய மலையை அவளுக்கே பரிசாகக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "இனி எடத்த நான் பாத்துக்கிறேன். நீங்க பெட்டியத் தூக்கிட்டு வந்தாப் போதும்."