ராகேல் போய்ப் பார்த்தாளா?

குழித்துறைச் சந்தையில் காலை ரேடியோ செய்தி முடிந்ததும் அதே ஒலிபெருக்கியில் சந்தையின் சொந்தச் செய்தி தொடங்கும். வியாபாரிகள் சங்கம் 1948இல் மைக் செட் வாங்கியதிலிருந்து ஒருநாளும் அது நின்றதில்லை. முதலில் பேசியவர் சங்கச் செயலாளர் பொன்னுலிங்கம். பேச்சைவிட இருமல்தான் அதிகம் கேட்டது. அடுத்து வந்த தங்கப்பனுக்கு நல்ல குரல், எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிப்பார். எழுதிக் கொடுத்தவள் ராகேல். மிஷன் பள்ளியில் படித்தவள், முப்பது வயது. மைக்கைத் துடைக்க மட்டும் அவளுக்கு அனுமதி இருந்தது.

எப்போதும் சாவுச் செய்திதான் முதலில். மரச்சீனிக் கிழங்குச் சுமையோடு தூரத்திலிருந்து வந்தவர்கள் விலை பேசுமுன் தெரிந்துகொண்டால்தானே அடக்கத்துக்குப் போக முடியும்?

1952இல் ஒருநாள், "ஞானையன் இறந்தார்" என்று தங்கப்பன் வாசித்தார். செத்தது கிணற்றடி வீட்டு ஞானையன். அவர் மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தது ஊருக்கே தெரியும் என்று ராகேல் வீட்டுப்பெயரை எழுதாமல் விட்டிருந்தாள். அருமனை ஊரில் இருக்கும் பூங்கனிக்கு அது எப்படித் தெரியும்? சந்தைக்குப் போய்வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு, தன் அண்ணன் பாலத்தடி வெற்றிலைக்கடை ஞானையன்தான் போய்விட்டார் என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அண்ணன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

ஊரே தங்கப்பனைத் திட்டித் தீர்த்தது. மறுநாள் அவர் வரவில்லை. பொன்னுலிங்கம் மைக் செட்டைப் பூட்டச் சாவியை எடுத்தார்.

"நான் பேசுதேன் அண்ணாச்சி," என்றாள் ராகேல்.

"சந்தையில பொம்பள பேசவா? நல்லாருக்கு!"

அதற்குள் அவள் சுவிட்சைப் போட்டுவிட்டாள்.

"தங்கப்பண்ணன்மேல தப்பில்ல. வீட்டுப்பேரு எழுதாம விட்டது நான். எனக்க தப்பு."

வெற்றிலைக்கடை ஞானையன் கொதித்துப்போய் வந்து நின்றார். "ஏட்டி, என்னைய உயிரோட குழியில எறக்கிட்டியே!"

அவள் மைக்கை அவரிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் திகைத்துப்போனார். பிறகு தொண்டையைச் செருமி, "நான் சாகல்ல. கட தொறந்திருக்கு," என்றார். சந்தை விழுந்து விழுந்து சிரித்தது.

பொன்னுலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தப்பு வந்தா பூட்டுதான், பாத்துக்க."

அன்றே ராகேல் தனக்கொரு சட்டம் வைத்துக்கொண்டாள். சாவென்று யார் வந்து சொன்னாலும், தானே போய்ப் பார்க்காமல் வாசிப்பதில்லை. மழையிலும் போனாள், காய்ச்சலோடும் போனாள். தூரத்து ஊரென்றால் செய்தி மறுநாள்தான். யார் முணுமுணுத்தாலும் அசையமாட்டாள். அப்படியொரு பிடிவாதக்காரி! நாலு வருஷத்தில் ஒரு பெயர் பிசகவில்லை.

1956 நவம்பர் முதல் தேதி, குழித்துறைப் பக்கத்துத் தமிழ்த் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த நாள். சந்தையெங்கும் தோரணம், கூட்டம். ராகேல் விடியற்காலையிலேயே ஒரு வீட்டுக்குப் போய்விட்டு, கலங்கிய கண்ணோடு வந்து மைக் முன் உட்கார்ந்தாள்.

"இண்ணைக்காவது சந்தோசத்த மொதல்ல சொல்லு மக்கா," என்று பொன்னுலிங்கம் கெஞ்சினார்.

"மாட்டேன் அண்ணாச்சி. வேணும்னா பூட்டிக்கிடுங்க," என்றவள் மைக்கைத் திறந்தாள். "பாலத்தடி வெற்றிலைக்கடை ஞானையன் இறந்தார்."

விழாப் பார்க்க அருமனையிலிருந்து நேரே சந்தைக்கு வந்திருந்த பூங்கனி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மைக் அருகே வந்தாள். அவள் அழவில்லை. அவள் கேட்ட கேள்வி மைக் வழியே சந்தை முழுக்க ஒலித்தது.

"நீ போயிப் பாத்தியாட்டி?"

"பாத்தேன்க்கா. காலத் தொட்டுப் பாத்தேன்."

அதற்குப் பிறகுதான் பூங்கனி அழுதாள்.