உயிரோடிருப்பவர்களின் பெயர்த் தகடுகள்

எழுத்து கோணலாக இருக்கும். ஒரு வரி மேலே ஏறும், அடுத்தது சரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயது தாண்டி எழுதப் படித்தவன் நான். தாளைப் படம் பிடித்து அப்படியே பத்திரிகையில் போடச் சொல்லியிருக்கிறேன். என் கையெழுத்தை நீங்கள் பார்க்க வேண்டும் என்று ஆசை.

போன ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலைக்கு மேலே நான் வேலை செய்த தோட்டத்துக்குப் போனேன். என் மனைவி லெச்சுமியை அங்கேதான் அடக்கம் செய்தோம். ஒரு கல்லும் ஒரு குரோட்டன் செடியும்தான் அடையாளம். இப்போது எனக்கு எழுதத் தெரியும் அல்லவா? ஒரு பலகையில் வெள்ளைப் பெயிண்டால் அவள் பெயரை எழுதி எடுத்துக்கொண்டேன்.

ராகலையில் காலை ஆறேகாலுக்கு நுவரெலியா பஸ், நூற்றிருபது ரூபாய். அங்கிருந்து தலவாக்கலைக்கு நூற்றைம்பது. வழியெல்லாம் கடைப் பலகைகளை வாய்விட்டுப் படித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா இடம் மாறி உட்கார்ந்தார். பிறகு ஏழு கிலோமீட்டர் ஏற்றம், பஸ் கிடையாது. ரிஸ்வான் என்பவர் ஆட்டோவில் போய், காத்திருந்து, திரும்ப ஆயிரத்து எண்ணூறு கேட்டார். "பலகைக்கும் டிக்கட் போடணுமே ஐயா" என்று கிண்டல் வேறு.

மேல்மலையில் தேயிலையைக் காணோம். ஒரே உயரத்தில் ஒரே இனக் கன்றுகள், கயிறு பிடித்து நட்ட வரிசை. ஒவ்வொரு கன்றின் அடியிலும் ஒரு குச்சி, குச்சியில் தொங்கும் தகடு, தகட்டில் ஒரு பெயர். பனிக்குள் வரிசை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. காற்றே இல்லாதபோதும் ஏதோ ஒரு தகடு குச்சியில் தட்டிக்கொண்டே இருந்தது.

எல்லாம் இங்கிலீஷ். எனக்கு அது இன்னும் வராது. ரிஸ்வான் படித்தார்: கேத்தரின், யூகோ, சோபியா, மறுபடியும் ஒரு கேத்தரின். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார், இவ்வளவு பேரும் எப்போது செத்தார்கள் என்று.

"ஒருத்தரும் சாகல."

பதில் பனிக்குள்ளிருந்து வந்தது. பின்னாலேயே ஆளும் வந்தார். பழைய கூட்டாளி கருப்பையா, இப்போது அங்கே வாச்சர். "எல்லாம் உசுரோட இருக்கிறவங்க பேருண்ணே. வெளிநாட்டுல வெலகூடின கைப்பை வாங்குறவங்க. ஒரு பைக்கு ஒரு மரம்."

அந்தப் பைகளுக்குத் தோல் பதனிட ஆறு ஆறாகத் தண்ணீர் கெடுகிறதாம். அதற்கு ஈடாக இங்கே மரம். பை விற்க விற்க வரிசை மலையிலிருந்து கீழே இறங்குகிறது. இந்த மரங்கள் வந்தபிறகு லயத்து வீடுகளுக்கு மலைத் தண்ணீர் வரும் பீலியில் தண்ணீர் நூலாகிவிட்டது என்றும் சொன்னார்.

வரிசையோடு நானும் இறங்கினேன். அது இடுகாட்டுக்குள் போனது. குரோட்டன் செடியைப் பிடுங்கியிருந்தார்கள். கல் மட்டும் இருந்தது. கல்லை ஒட்டி ஒரு குச்சி. கன்று இன்னும் வரவில்லை, பெயர் வந்துவிட்டது. மார்கரெட் என்று படித்தார் ரிஸ்வான்.

குச்சியைப் பிடுங்கக் கை போனது. கருப்பையா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதப் புடுங்கினா என் வேல போயிரும்ணே. பலகைய நடுங்க. யாரும் கேக்கிற வரைக்கும் நான் பாக்கல."

பக்கத்தில் கிடந்த வேறொரு கல்லால் பலகையைத் தகட்டுக்குக் கீழே அடித்து நட்டேன். வருகிற செவ்வாய்க்கிழமை குழி வெட்டிக் கன்று வைத்ததும் அதைப் படம் பிடித்து அந்த மார்கரெட் அம்மாவுக்கு அனுப்புவார்களாம். படத்தில் தன் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரை அவர் பார்ப்பார். எழுத்து என்று தெரியும், என்னவென்று தெரியாது. அறுபது வருஷம் நான் அப்படித்தான் பஸ் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பக்கம் உங்கள் ஆட்களும் கிடந்தால் சீக்கிரம் போங்கள். பகல் ஒரு மணிக்கு முன்னால் இறங்கிவிடுங்கள். பிறகு பனியில் கல் தெரியாது, தகடுகள் மட்டும்தான் தெரியும். பலகையில் பெயிண்டால் எழுதுங்கள், பேனா மழையில் அழியும்.

செவ்வாய்க்கிழமை குழி வெட்டும்போது நான் கல்லின் மேல் உட்கார்ந்திருப்பேன். அங்கேயே வெட்டினார்களா, தள்ளி வெட்டினார்களா என்பதை அடுத்த கிழமை இதே கோணல் எழுத்தில் எழுதுகிறேன்.