எட்டு லிங்கமும் ஒகெல்லோவும்

உகாண்டாக்காரரான பீட்டர் ஒகெல்லோ 2023 பிப்ரவரி 13, திங்களன்று அடி அண்ணாமலையில் வெள்ளையம்மாள் வீட்டு மாடிக்குக் குடிவந்தார். வயது 54. தன் நாட்டுக்காக ஐயாயிரம் மீட்டர் ஓடியவர். இரண்டு நாவல் எழுதியவர். ஓர் அமைச்சருக்கு ஆறு ஆண்டு அரசியல் ஆலோசகர். அமைச்சர் கைதானதும் நாட்டைவிட்டுக் கிளம்பியவர். இவ்வளவும் அவர் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரனான என்னால் சரிபார்க்க முடிந்தது ஓட்டத்தை மட்டும்தான்.

தினமும் விடியலில் மலையைச் சுற்றி ஓடுவார். எட்டு லிங்கக் கோயில் வாசலிலும் நின்று சிறு நோட்டில் ஏதோ குறிப்பார். டிசம்பரில் விசா நீட்டிப்புக்கு வீட்டுக்காரரின் கடிதம் தேவைப்பட்டது. கிடைக்காவிட்டால் நாடு திரும்ப வேண்டும். திரும்பினால் சிறை என்றார். வெள்ளையம்மாள் கையெழுத்துப் போட மறுத்தார்.

"எந்தக் கோயில் எப்ப தொறக்குதுன்னு எழுதறாரு சார். செலை திருடறவங்களுக்குத் தகவல் குடுக்கறாரோ என்னமோ," என்றார் என்னிடம்.

டீக்கடை தருமன் சிரித்தார். "செலையத் தூக்க வந்தவன் பனியன் நனைய ஓடுவானாம்மா?"

"தினம் மூணு டீ குடிக்கிறாரு. உனக்கு நல்லவருதான்."

ஒகெல்லோவிடம் நோட்டைக் கேட்டேன். தயங்காமல் தந்தார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே ஒவ்வொரு கோயில் வாசலுக்கும் அவர் ஓடிவந்து சேர்ந்த நேரங்கள் மட்டும். மூன்று நாள் கோயில் வாசலில் கடிகாரத்தோடு நின்று ஒப்பிட்டேன். ஒரு நிமிடமும் பிசகவில்லை. ஆனால் பத்துப் பௌர்ணமிகளுக்கும் பக்கம் காலி. ஊரே மலை சுற்றும் நாளில் இவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

"கூட்டத்தில் ஓட முடியாது," என்றார்.

"ஓட வேணாம். எங்ககூட நடங்க. அப்புறம் கையெழுத்து," என்றார் வெள்ளையம்மாள்.

டிசம்பர் 26, பௌர்ணமி. காலை 6.10க்கு வெள்ளையம்மாள், ஒகெல்லோ, நான் மூவரும் வெறுங்காலுடன் கிளம்பினோம். ஒகெல்லோ முகத்தைத் துண்டால் மூடியிருந்தார். செங்கம் சாலைக் கடைகளில் வெளிநாட்டினர் தென்பட்டபோதெல்லாம் வெள்ளையம்மாளின் வலப்பக்கம் வந்து குனிந்து நடந்தார். ஏழு முறை. யம லிங்கம் அருகே ஆப்பிரிக்கர் ஒருவர் நின்றார். ஒகெல்லோ அந்த அம்மாளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார். இவர் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். வெள்ளையம்மாள் ஐந்தடிகூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளையம்மாள் கடிதத்தைக் கேட்டு வாங்கினார்.

"இவ்ளோ பயப்படறவரு திருட வரலை சார். ஒளிய வந்திருக்காரு. இப்பதான் எனக்குக் கவலை ஜாஸ்தி," என்றபடி கையெழுத்துப் போட்டார். யார் விசாரித்தாலும் மாடி காலி என்று சொல்லும்படி எனக்கும் தருமனுக்கும் உத்தரவு.

2025 மார்ச் 3 அன்று ஒகெல்லோ கிளம்பும்வரை இருவர் தனித்தனியாக வந்து அவரைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டு முறையும் மாடி காலி என்றேன். எந்த நாட்டுக்குப் போனார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.