கட்டுகஸ்தோட்டை ஷவர்மா கடையில் ஒரு பெண் பார்ப்பு

இன்று பகல் கட்டுகஸ்தோட்டை ஷவர்மா கடையில், அடுத்த மேசையில் இரண்டு குடும்பங்கள் பெண் பார்க்க வந்திருந்தன.

மாப்பிள்ளையின் உம்மா கேட்டார், “மகளுக்குச் சமைக்கத் தெரியுமா?”

“தெரியா மாமி. அவருக்குத் தெரியுமா?” என்றாள் பெண்.

“கட்டார்ல மெனேஜரா இருக்கிறவருக்கு என்னத்துக்குச் சமையல்?”

அதுவரை வாய் திறக்காத மகன் சொன்னார், “மெனேஜர் இல்ல உம்மா. இது மாதிரி ஒரு ஷவர்மா கடைதான். இறைச்சி சுடுறது நான்.”

உம்மாவின் முகம் கறுத்துவிட்டது.

பெண் தன் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். “அப்ப இது எப்பிடிண்டு சொல்லுங்க.”

அவர் தின்று பார்த்தார். “கொஞ்சம் கூடச் சுட்டிருக்காங்க.”

“எனக்கு விருப்பம் மாமி. சமையல அவர் பாத்துக்கொள்ளட்டும்.”

உம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. நான் இன்னொரு ஷவர்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். முடிவு தெரியாமல் நீங்கள் என்றால் எழும்பிப் போவீர்களா?