வால் மட்டும் வந்த மாப்பிள்ளை

வன உயிர் ஆய்வு அலுவலகத்தில் அவளுக்கு அழுங்கு அக்கா என்று பேர். யாராவது பேச வந்தால் சுருண்டுகொள்கிற குணத்துக்காக வைத்தது. அவள் தேடுகிற மிருகமும் அழுங்குதான் என்பது பேர் வைத்தவர்களுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. உடம்பெல்லாம் செதில், இரை எறும்பும் கரையானும், பிடித்து விற்க ஊரெல்லாம் ஆள். அந்த வறண்ட காட்டில் அது மிச்சமிருக்கிறது என்று நம்பியவள் அவள் ஒருத்திதான்.

நம்பிக்கை போதாது, படம் வேண்டும் என்றது அரசுக் குழு. அடுத்த கூட்டத்துக்குள் படம் வராவிட்டால் காடு இருக்கும் குன்று கல்குவாரிக்குப் போய்விடும். குழுவில் பாதிப் பேர் அழுங்கு என்பதை ஏதோ மீன் என்று நினைத்திருந்தார்கள். மீதிப் பேர் நினைக்கவே இல்லை.

காட்டுக்குள் மரக்கம்பங்கள் நட்டு, அசைவைக் கண்டால் தானாகப் படம் எடுக்கும் கேமராக்களை மாட்டியிருந்தாள். படத்தில் ஆடு விழுந்தது. ஆட்டுக்காரர் விழுந்தார். பார்வையிட வந்த அலுவலக இயக்குநர் கேமராக் கண்ணாடியில் தலைசீவியதும் விழுந்தது. படம் நன்றாக வந்திருப்பதாகச் சொல்லி ஒரு பிரதி கேட்டார் அவர்.

பஸ் கண்டக்டரான கணவர் தினமும் சட்டையைக் கழற்றும்போதே அழுங்கைப் பற்றிக் கேட்பார்: "மாப்பிள்ளை இன்னைக்காவது வந்தாரா?"

இதற்கிடையில் கரையான் அரித்து ஒரு கம்பம் சாய்ந்தது. அக்கா, அலுவலகச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரரை எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்த இடத்தில் சம்பளம் வாங்கினால் போதுமா, கரையான் ஏறாமல் ஏதாவது செய்யக்கூடாதா என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். மனிதர் தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தார். அதன்பின் கேமராவில் ஆடு மட்டுமே விழுந்தது. அக்கா ஆட்டுக்காரரைத் திட்டினாள், இயக்குநரின் சென்ட் வாசனையைத் திட்டினாள்.

கூட்டம் நெருங்கிய நேரத்தில் ஸ்டோர்காரர் அவளைக் காட்டுக்கு அழைத்துப்போய்ப் பெருமையோடு காட்டினார்.

"பாருங்கக்கா, புதுக்கம்பம். சுத்தி மண்ணுல மருந்து. இந்த வட்டாரத்துலயே ஒரு கரையான் கிடையாது."

திட்ட வாய் திறந்தவள் அப்படியே நின்றாள். விருந்தாளியை அழைத்துவிட்டு இலையைத் தூக்கிப்போடச் சொன்னது அவளேதான். இந்தத் திட்டு போய்ச் சேரவேண்டிய முகவரி வேறெங்கும் இல்லை.

"பழைய கம்பமெல்லாம் எங்க?"

"காவலர் குடிசைக்குப் பின்னால போட்டேன். ஏதோ நாய் வந்து கிண்டிக்கிட்டே இருக்காம்."

"நாய் எதுக்குங்க உளுத்த கட்டையக் கிண்டுது?"

கேட்டுக்கொண்டே ஓடினாள். குவியலுக்குப் பக்கத்து மரத்தில் கயிறு போட்டு ஒரு கேமராவைக் கட்டினாள்.

கூட்டத்துக்கு முன்தினம் படம் விழுந்தது. செதில் முதுகும் நீள வாலும் மட்டும். தலை கட்டைக்குள் இருந்தது.

குழுத் தலைவர் கண்ணாடியை ஏற்றி இறக்கினார். "முகம் தெரியலையேம்மா."

"வால் மட்டும் தனியா வந்து மேயாதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. முகம் தெரியும் படம் கிடைக்கும்வரை குவாரி பற்றிய முடிவை ஒத்திவைப்பதாக எழுதிக் கலைந்தார்கள்.

அன்று மாலை கணவர் வழக்கம்போல் கேட்டார். வந்தார், முதுகைக் காட்டிவிட்டுப் போனார் என்றாள்.

"அப்ப அசல் மாப்பிள்ளைதான். கேமராவ எதிர்ப்பக்கம் திருப்பிவெச்சா மூஞ்சி விழுமே?"

"விழும். விழுந்தா அவங்க உக்காந்து முடிவு எடுப்பாங்க. அவங்க முடிவ நம்பலாமா? ஒத்திவைக்கிறத மட்டும் உயிரே போனாலும் விடமாட்டாங்க."

கேமரா இன்னும் அதே மரத்தில், அதே பக்கம் பார்த்தபடி இருக்கிறது.