அவர் தந்த டோக்கன்

கழுத்து வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மூட்டை சுமப்பவர். கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டார், உடம்போடு திரும்புவார். மரத்துப்போன இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்.

அவருடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். டோக்கனை என்னிடம் நீட்டி என்னுடையதைக் கேட்டார். ஏற்கெனவே இரண்டு பேரிடம் அப்படி மாற்றிக்கொண்டவர்.

"நீங்க போங்க தம்பி. நான் அடுத்து வாரேன்."

"கை மரத்துக் கெடக்கு. ஏண்ணே தள்ளிப்போடுறீங்க?" கோபமாகவே கேட்டேன்.

"தூக்காதன்னு டாக்டரு சொல்லிட்டா, பெறகு எப்படித் தம்பி மூட்டை தூக்குறது? சொல்லாத வரைக்கும் தூக்கலாம்ல?"

உள்ளேயிருந்து மறுபடி எண்ணைச் சொல்லி அதட்டினார்கள். டோக்கனை மாற்றிக்கொண்டு போனேன்.

டாக்டர் என் கழுத்தை அழுத்திப் பார்த்து, "பயப்பட ஒண்ணுமில்ல" என்றார்.

வெளியே வந்தபோது, அவர் என் டோக்கனை வேறொருவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.